பத்தொன்பது புள்ளி ஆறு

ஜனவரி 23, வியாழன்

சொட்டு மருந்து விட்ட நேரத்தை எழுதி வைக்கும்படி கோயமுத்தூர் கண் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். காலை ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு, எட்டு. எழுதிவிட்டேன். பக்கத்தில் முக்கால்வாசி இடம் மிச்சம். அதை வீணாக்க மனம் வரவில்லை. எழுபத்தொரு வயதில் எழுத்துப் படித்தவனுக்கு வெற்றுத்தாளைக் கண்டால் கை சும்மா இருப்பதில்லை.

கண் என்னுடையது அல்ல. என் மருமகள் கோகிலவாணியுடையது. இந்த ஊர் அரசு மேல்நிலைப்பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறாள். நிரந்தர வேலை இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்த வேலை. வருடா வருடம் ஜூன் மாதம் மறுபடி எடுத்துக்கொள்வார்கள். வலது கண் சிறு வயதிலிருந்தே மங்கல். இடது கண்ணின் விழித்திரை பிரிந்துவிட்டது என்று செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை செய்தார்கள். உள்ளே காற்றை அடைத்திருக்கிறார்கள். அந்தக் காற்றுக்குமிழி திரையை அழுத்திப் பிடிப்பதற்காகப் பதினான்கு நாள் குப்புறப் படுத்திருக்க வேண்டும். சாப்பிடும்போதும் தலை கவிழ்ந்தே இருக்க வேண்டும்.

மகன் தங்கராசு லாரியோடு குஜராத் போயிருக்கிறான். வர அடுத்த மாத நடுவாகும். குளிக்க வைக்க, ஊட்டிவிட, கோகிலவாணியின் தாயார் ராமாத்தாள் வந்திருக்கிறார். மருந்து விடுவது என் வேலை.

இவ்வளவு எழுத ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

ஜனவரி 24, வெள்ளி

பள்ளிக்கூட வாட்ச்மேன் ஒரு அரிசிச் சாக்கில் நோட்டுகளைக் கொண்டு வந்து கூடத்தில் இறக்கினார். ரெக்கார்டு நோட்டு என்று பெயர். மாணவர்கள் ஆய்வகத்தில் செய்த சோதனைகளை எழுதி வைக்கும் நோட்டு. முப்பத்தொன்று. வலப்பக்கம் கோடு போட்ட தாளில் செய்முறை, பேனாவில். இடப்பக்கம் வெள்ளைத் தாளில் படமும் அட்டவணையும், பென்சிலில். கடைசிச் சோதனைக்கு மட்டும் இன்னும் மதிப்பெண் போடவில்லை. பிப்ரவரி ஆறாம் தேதிக்குள் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் பிள்ளைகள் செய்முறைத் தேர்வில் உட்கார முடியும்.

தலைமையாசிரியை போனில் பேசியது எனக்கும் கேட்டது. பக்கத்து ஊர் ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்தி வாங்கிக்கொள்கிறேன், நீங்கள் ஓய்வு எடுங்கள் என்றார்.

“வேண்டாமுங்க மேடம். நானே முடிச்சுத் தந்தர்றனுங்க” என்றாள் கோகிலவாணி. அவர் பேசி முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

கண்ணைக் கட்டிப்போட்டவள் எப்படித் திருத்துவாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டில் விளிம்பைத் தாண்டி நீட்டி வைத்த ஓட்டைத் தலையணையின் நடுவிலிருந்து குரல் வந்தது.

“மாமா, நீங்க படிங்க. நான் கேட்டு மார்க்கு சொல்றேன். நீங்களே போட்டுருங்க. என்ற பையில சிவப்புப் பேனா இருக்குது.”

அடுக்களையிலிருந்து சம்மந்தியம்மா சிரித்தார். “ஏனுங்ணா, நீங்க எழுத்துக் கூட்டிப் படிச்சு முடிக்கறதுக்குள்ள அந்தப் புள்ளைங்க கல்யாணமே பண்ணிக்குமுங்க.”

சிரிக்கட்டும். சிவப்புப் பேனாவைப் பையிலிருந்து நான்தான் எடுத்தேன். மூடியைக் கழற்றி, என் உள்ளங்கையில் ஒரு சின்னக் கோடு போட்டுப் பார்த்தேன். இரவு சாப்பிடும்போது கூட அதைக் கழுவவில்லை.

ஜனவரி 25, சனி

இன்று இரண்டு நோட்டுதான் முடிந்தது. முதல் நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டேன். கடைசிச் சோதனை மட்டும் போதும் என்று பத்துப் பக்கம் போன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அட்டையில் இருந்த பெயர், ஊர், அச்சகத்தின் பெயர் எல்லாம் படித்தேன். அதெல்லாம் பாடம் இல்லையாம்.

அந்த நோட்டு ரித்தீஷ் என்ற பையனுடையது. மூன்றாவது சோதனையில் இப்படி எழுதியிருந்தான். “பிறகு குடுவையை மெதுவாகச் சூடுபடுத்தி, கறிவேப்பிலை, கடுகு போட்டுத் தாளித்து இறக்க வேண்டும்.”

நான் தாளித்து என்ற சொல்லை இரண்டு முறை எழுத்துக் கூட்டினேன். வேதியியலிலும் தாளிப்பு இருக்கும்போல என்று நினைத்தேன்.

சம்மந்தியம்மா கரண்டியோடு ஓடி வந்தார். “என்னது, இன்னொருக்காப் படிங்க! கடுகா? பெருங்காயம் போடலீங்களா அந்தப் பையன்?”

எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. “அம்மணி, இவனுக்கு என்ன போடறது?” என்று கேட்டேன். அவள் வேறொன்று கேட்டாள்.

“அந்தப் பக்கத்துல என்ற கையெழுத்து இருக்குதுங்களா மாமா?”

இருந்தது. பெரிய சிவப்பு டிக், அதன் கீழே கையெழுத்து, நவம்பர் பதினான்கு என்று தேதி.

“இருக்குது கண்ணு.”

“செரி. போதுமுங்க இன்னைக்கி” என்றாள்.

மருந்து எட்டு முறை.

ஜனவரி 26, ஞாயிறு

பள்ளியில் கொடியேற்றினார்கள், ஒலிபெருக்கி இங்கே கேட்டது. நான்கு நோட்டு. கழுத்து வலிக்கிறது. அவளுக்கு என்னைவிட வலிக்கும்.

ஜனவரி 27, திங்கள்

படிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. “நிலையான இளஞ்சிவப்பு நிறம் தோன்றும் வரை” என்று ஒரு வரி எல்லா நோட்டிலும் வருகிறது. முதல் நாள் அதைத் தாண்ட எனக்குக் கால் மணி நேரம். இப்போது தூரத்திலிருந்தே அடையாளம் தெரிகிறது, தெரிந்த ஆள் தெருமுனையில் வருவதுபோல.

சோதனை என்னவென்றும் கோகிலவாணி சொல்லிவிட்டாள். பியூரெட் என்ற அளவுக்குழாயில் பெர்மாங்கனேட் கரைசல், ஊதா நிறம். குடுவையில் நிறமில்லாத வேறொரு கரைசல். மேலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். குடுவையில் இளஞ்சிவப்பு வந்து நின்றதும் நிறுத்தி, எவ்வளவு இறங்கியது என்று குழாயில் பார்த்து எழுத வேண்டும். அவ்வளவுதான். ஒரு சொட்டு கூடினாலும் தப்பு.

நோட்டுகளைப் புரட்டும்போது ஒன்றைக் கவனித்தேன். ஆகஸ்டு மாதக் கையெழுத்துகள் கோட்டின் மேல் நேராக உட்கார்ந்திருக்கின்றன. தீபாவளிக்குப் பிறகு அவை சரிகின்றன. டிசம்பரில் கட்டத்தை விட்டு இறங்கி, ஓரத்தில், சில இடத்தில் எழுத்தின் மேலேயே இருக்கின்றன.

தீபாவளிக்குப் பிறகுதான் அவள் தினமும் சாயங்காலம் என்னை உட்கார வைத்துப் பேப்பர் படிக்கச் சொன்னாள். “சத்தமா படிங்க மாமா, அப்பத்தான் வருமுங்க” என்பாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். தலைப்புச் செய்தி, மழை அறிவிப்பு, ஆசிரியர்கள் பற்றிய அரசு அறிவிப்பு, எல்லாம். ஒரு சொல்லைத் தப்பாகப் படித்தால் திருத்த மாட்டாள். நான் நன்றாகத் தேறிவிட்டேன் என்று நான் எழுத்துப் படிக்கப் போகும் முதியோர் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மருந்து எட்டு முறை. ஐந்து நோட்டு.

ஜனவரி 28, செவ்வாய்

முப்பத்தொன்றில் இருபத்திரண்டு முடிந்தது. கோகிலவாணி எட்டு, ஒன்பது, எட்டு என்று சொல்லிக்கொண்டே வருகிறாள், நான் போட்டுக்கொண்டே வருகிறேன். எட்டைச் சிவப்பில் போட எனக்கு நன்றாக வருகிறது.

ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. எழுத்துத்தான் எனக்குப் புதிது, எண் புதிதல்ல. பால் சங்கத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். பாலில் அடர்த்தி காட்டும் மானியைப் போட்டு, எத்தனை டிகிரி என்று சத்தமாகச் சொல்வது என் வேலை. எழுதுவது எழுத்தர் வேலை. ஒரு மாட்டுக்கு இருபத்தேழு, ஒரு மாட்டுக்கு இருபத்தொன்பது, தண்ணீர் கலந்தால் இருபத்திரண்டு. நூறு பேர் வந்தால் நூறு விதம். ஒரே மாடு காலையில் ஒன்று காட்டும், மாலையில் ஒன்று காட்டும்.

இந்த இருபத்திரண்டு நோட்டிலும் ஒரே எண். 19.6. மூன்று முறை செய்ததாக எழுதி, மூன்று முறையும் 19.6.

சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டேன். “ஏம்மணி, இருபத்திரண்டு பேரு கையும் ஒரே கையா?”

“அப்பிடீன்னா?”

“எல்லாத்துக்கும் பத்தொம்பது புள்ளி ஆறு. எங்க சங்கத்துல எல்லாப் பாலும் ஒரே டிகிரி காட்டுச்சுன்னா, மானியப் போடவே இல்லைன்னு அர்த்தம்.”

அவள் முதுகு அசைந்தது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

“போன வருசத்துப் பசங்க நோட்டைப் பாத்து எழுதுவாங்க மாமா. நான் வருசா வருசம் அந்த அளவு வர மாதிரித்தான் கரைசல் கலக்குவேன். எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் நடக்கறதுதானுங்க.”

“அப்ப செய்யறதே இல்லியா?” என்றேன்.

“செய்வாங்க. செஞ்சுட்டு, வந்தத விட்டுட்டு, நோட்டுல இருக்கறத எழுதுவாங்க.”

சம்மந்தியம்மா சொன்னார், “எங்க ஊட்டு ரேசன் கார்டு மாதிரி. வாங்காததெல்லாம் அதுல வாங்குனதா இருக்குது.”

ஜனவரி 29, புதன்

இன்று வந்த நோட்டின் பெயரைப் படிக்கவே நெடு நேரம். சௌபர்ணிகா. ‘சௌ’ என்ற எழுத்தை நான் இதுவரை ஒரு பெயரில் பார்த்ததே இல்லை. படித்து முடித்ததும் கோகிலவாணி, “அந்த நோட்ட அப்பறம் பாத்துக்கலாமுங்க” என்றாள்.

கையில் எடுத்தாயிற்றே என்று படித்தேன்.

இடப்பக்கம் அட்டவணை. முதல் முறை 21.2. அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி. அடுத்த பக்கம் மறுபடி அட்டவணை. 21.2. சிவப்புப் பெருக்கல் குறி. மூன்றாவது பக்கம். 21.3, 21.2, 21.2. அதற்கும் குறி. முடிவு என்று போட்டு, எதுவும் எழுதாமல் விட்டிருந்தாள். ஓரத்தில் சின்ன எழுத்தில் பென்சிலால் எழுதியிருந்ததையும் படித்தேன். எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாது, கண்ணில் பட்டதெல்லாம் படிப்பேன்.

“மூன்று முறை செய்தேன் மிஸ். இதுதான் வருகிறது.”

நான் கேட்டேன், முடிவு எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று. ரெக்கார்டு முழுமை இல்லை என்று கையெழுத்துப் போட மாட்டார்கள், தேர்வில் உட்கார முடியாது என்றாள்.

“இந்தப் புள்ள மட்டும் தப்பாச் செஞ்சுதா?”

தலை கவிழ்ந்திருப்பதால் அவள் பேச்சு தரையில் பட்டு வருகிறது.

“இல்லீங்க மாமா. அது செஞ்சதுதான் செரி. நான் கலக்குனதுதான் தப்பு. அந்த ஊதா உப்பு ஆறு புள்ளி எட்டு கிராம் போடோணும். தராசுல கடைசி எண்ணு எட்டா மூணான்னு எனக்குப் புரியல. கிட்டப் போயிப் பாத்தேன். எட்டாத்தான் இருக்கும்னு நெனச்சுட்டேன். மூணு. அந்தப் புள்ள ரெண்டாந்தடவ வந்து நின்னப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. கரைசல் நீர்த்துப்போச்சுன்னா இருபத்தொண்ணு புள்ளி ரெண்டுதான் வரும்.”

“தெரிஞ்சும் தப்புன்னு போட்டயா?”

“செரின்னு போட்டா, மத்த முப்பது பேரும் எப்பிடிப் பத்தொம்பது புள்ளி ஆறுன்னு கேப்பாங்க. ஆரு கலக்குனதுன்னு கேப்பாங்க. டீச்சருக்குக் கண்ணு தெரியலைன்னு அன்னைக்கே அனுப்பிச்சிருப்பாங்க.”

அடுத்த நோட்டைப் படிக்கவில்லை.

ஜனவரி 30, வியாழன்

மீதி நோட்டுகளும் முடிந்தன. எல்லாம் 19.6. சௌபர்ணிகாவின் நோட்டு மட்டும் தனியாகக் கிடக்கிறது.

சாயங்காலம் கோகிலவாணி சொன்னாள். “மாமா, பென்சில் எடுத்து, அந்தப் புள்ள நோட்டுல நாலாவது அட்டவணை ஒண்ணு போடுங்க. மூணு கட்டத்துலயும் பத்தொம்பது புள்ளி ஆறு. முடிவையும் நான் சொல்றேன், எழுதுங்க. பத்து மார்க்கு போட்டர்லாம். அதுக்கு நஷ்டம் இல்ல, நமக்கும் இல்ல.”

பென்சிலை எடுத்தேன். கட்டம் கூடப் போட்டேன், அளவுகோல் வைத்து. எண் எழுத வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது.

சங்கத்தில் தலைவர் வீட்டுப் பாலுக்கு நான் மானி போட்டதில்லை. தண்ணீர் கலந்திருந்தாலும் இருபத்தெட்டு என்று சொல்லிவிடுவேன். எத்தனையோ வருடம். எழுத்தர் எழுதிக்கொள்வார். இரண்டு கேன் தள்ளி நிற்கும் வேறொருத்தரின் நல்ல பாலும் அந்தத் தண்ணீர்ப் பால் தொட்டியில் சேரும். வாயால் சொன்னது காற்றோடு போயிற்று என்று நானும் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

“என்ற கையில அது வராது அம்மணி” என்றேன்.

“இப்பத்தான் எழுதப் பழகுனீங்க, அதுக்குள்ள நாயம் பேசறீங்களா?” குரல் உயர்ந்தது. “நாளைக்கு எனக்கு வேலை போனா, உங்க மகன் லாரிய விட்டு எறங்கவே முடியாது. அதுவும் தெரியுமுங்களா?”

“தெரியும்.”

“அப்ப எழுதுங்க.”

சம்மந்தியம்மா வந்து, “எளுந்திரிச்சுப் பேசாத, தல தூக்காத!” என்று மகளின் பின்தலையை அழுத்திப் பிடித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பென்சிலை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஜனவரி 31, வெள்ளி

மருந்து எட்டு முறை. பேசவில்லை.

பிப்ரவரி 1, சனி

மருந்து எட்டு முறை. நான்கு மணி மருந்தை விடும்போது ஒரு சொட்டு கன்னத்தில் விழுந்துவிட்டது. துடைத்தேன். மருந்து ஒரு சொட்டுதான் விழுந்தது. ஈரம் அதைவிட அதிகம் இருந்தது.

ஆறு மணிக்கு, “நோட்டும் பேனாவும் எடுத்துட்டு வாங்க” என்றாள்.

“பென்சிலா?”

“பேனா.”

தலைமையாசிரியைக்கு ஒரு கடிதம். என் வாழ்நாளில் நான் எழுதிய முதல் கடிதம் இதுதான். சொல் சொல்லாக அவள் சொல்ல, நான் எழுதி, திருப்பிப் படித்துக் காட்டி, ஒரு பக்கத்துக்கு இரண்டரை மணி நேரம். அக்டோபரிலிருந்து தனக்குப் பார்வை குறைந்து வந்ததையும், அதை மறைத்ததையும், கரைசலைத் தப்பாகக் கலந்ததையும், சரியாகச் செய்த ஒரே மாணவிக்கு மூன்று முறை தவறு போட்டதையும் சொன்னாள். மற்ற முப்பது பேரும் தங்களுக்கு வராத அளவை எழுதியிருக்கிறார்கள், அதற்கு நான் மதிப்பெண் போட்டிருக்கிறேன் என்றும் சொன்னாள். புதிதாகக் கரைசல் கலந்து எல்லோரையும் மறுபடி செய்யவிடுங்கள் என்று முடித்தாள்.

கையெழுத்துப் போடும் இடத்தில் அவள் விரலை வைத்துக் காட்டினேன். நேராகத்தான் போட்டாள்.

நடுவில் சம்மந்தியம்மா இரண்டு முறை வந்து, “தோச ஆறுது” என்றார். மூன்றாம் முறை விளக்கை எனக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

கடிதத்தை நானே கொண்டுபோய்த் தலைமையாசிரியை வீட்டில் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். என் எழுத்தைப் படிக்க அவருக்கும் நேரம் பிடித்தது.

“இத நான் வாங்காத மாதிரி இருந்துக்கறேங்க. அந்தப் பொண்ணுக்கு மட்டும் மார்க்கு போட்டுக் குடுத்துருங்க. போதும்” என்றார்.

“வாங்கீட்டீங்களேம்மா” என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வெகு நேரம் நெற்றியைத் தேய்த்தார். நல்ல மனுசி. களைத்துப்போன மனுசி. “ஆய்வக உதவியாளர் போஸ்ட்டு நாலு வருசமா காலி. நாளைக்கு ஆருங்க கரைசல் கலக்கறது?” என்றார்.

சாயங்காலம் சௌபர்ணிகாவை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். இவ்வளவு பெரிய பெயருக்கு ஒல்லியான பிள்ளை. நோட்டை வாங்கிப் பார்த்தாள். மதியம் கோகிலவாணி சொல்லச் சொல்ல, நான் சிவப்பில் எழுதியிருந்தேன். ‘உன் அளவு சரி. கரைசல் தவறு. கலந்தது நான்.’ நான் பென்சிலால் போட்ட வெற்றுக் கட்டத்தை அழித்தாயிற்று.

படித்துவிட்டு, அந்தப் பெண் கட்டிலின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்தாள். முகம் தெரியவில்லை என்று குனிந்தாள். அப்படியும் தெரியவில்லை. பாவாடையை ஒதுக்கிக்கொண்டு தரையிலேயே மல்லாந்து படுத்து, தலையணை ஓட்டைக்கு நேர் கீழே தலையை நகர்த்தி, மேலே பார்த்தாள்.

“மிஸ்.”

“சொல்லு.”

“நானே தப்புன்னு நெனச்சேன் மிஸ். எனக்குத்தான் கலர் பாக்கத் தெரியலையோன்னு. எங்க அம்மாகிட்டச் சொல்லி கண் டாக்டர்கிட்டக் கூடப் போனேன்.”

கோகிலவாணியின் தோள் குலுங்கியது. இந்த முறை சிரிப்புதானா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

“உனக்கு ஒண்ணும் இல்ல சாமி. நாளைக்கு நீதான் கலக்கற. எத்தன கிராம்?”

“ஆறு புள்ளி எட்டு மிஸ். ரெண்டு லிட்டருக்கு.”

“தராச எப்பிடிப் பாப்ப?”

“நான் ஒருக்கா. ஹெச்செம் மேடம் ஒருக்கா.”

“ஊதாக் கரைசல்ல அளவு எங்க பாக்கோணும்?”

“மேல் விளிம்புல மிஸ்.”

ஒருத்தி மேலே, ஒருத்தி கீழே, அரை மணி நேரம் இப்படியே பேசிக்கொண்டிருந்தார்கள். சம்மந்தியம்மா கூட்டிய தரையைத் திரும்பக் கூட்டினார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

நேற்று முப்பத்தொரு பேரும் ஆய்வகத்தில் மறுபடி செய்தார்களாம். காலையில் சாக்கு திரும்ப வந்தது. கை விரல் மடங்க மறுக்கிறது. நாளைக்குக் கோயமுத்தூர் போக வேண்டும், கட்டுப் பிரித்துப் பார்ப்பார்கள். எவ்வளவு தெரியும் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

இந்த முறை நோட்டுகள் வேறு மாதிரி இருக்கின்றன. 19.5. 19.8. 19.6. ஒரு பெண்ணுக்கு 20.1, 19.7, 19.7. அடித்து எழுதியிருக்கிறார்கள், பக்கத்தில் ஊதாக் கறை இருக்கிறது. எந்த நோட்டைத் திறந்தாலும் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது. தாளிப்புக்காரன் ரித்தீஷுக்கு 23.4.

“இவனுக்கு என்ன போடட்டும் அம்மணி? ரொம்ப எட்டிப் போயிட்டான்.”

“அவசரத்துல மடமடன்னு ஊத்தியிருப்பான். வந்தத எழுதியிருக்கான் பாருங்க. ஏழு போடுங்க.”

ஏழு போட்டேன். அதற்குள் போன் அடித்தது. தலைமையாசிரியை. சம்மந்தியம்மா போனை மகளின் காதோரம் வைத்துப் பிடித்தார். நான் நோட்டின் மேல் விரலை வைத்தபடி இருந்தேன். கடிதத்தைக் கழகக் கூட்டத்தில் படித்தார்களாம். மார்ச்சில் பரீட்சை முடியும்வரை கோகிலவாணியே இருக்கலாம். ஜூனிலிருந்து வேறு ஆள் பார்த்திருக்கிறார்கள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் டீச்சர் என்றார்.

“செரிங்க மேடம்” என்றாள் கோகிலவாணி.

சம்மந்தியம்மா போனை அணைத்தார். அணைத்த பிறகும் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். நான் பேனா மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டினேன்.

“எத்தன நோட்டு மிச்சம் மாமா?”

“ஒம்பது.”

“படிங்க.”

அடுத்ததைத் திறந்தேன். பெயரைப் படித்தேன். நோக்கம், தத்துவம், செய்முறை. “நிலையான இளஞ்சிவப்பு நிறம் தோன்றும் வரை.” அட்டவணைக்கு வந்தேன்.

“பத்தொம்பது புள்ளி ஏழு” என்றேன்.

“அடுத்தது?”

“பத்தொம்பது புள்ளி ஒம்பது.”

“ம்” என்றாள். “மெதுவாவே படிங்க. நான் கேட்டுட்டுத்தான் இருக்கறேன்.”